காவலர்க்குக் கவசம் வேண்டும், போர்க்கருவி வேண்டுமா?

(நீண்ட பதிவு. சட்டம், பொது நிர்வாகம், அரசியல் அறிவியல் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. மாற்றுக் கருத்துடையோர் முழுவதும் வாசித்துவிட்டுப் பின்னூட்டத்தில் விவாதிக்க வேண்டுகிறேன்.)

பயங்கரவாதத் தாக்குதல் ஒன்று நிகழும்போதெல்லாம் காவல்துறைக்கு நவீன ஆயுதங்கள் வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. போராட்டக்காரர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் காவல்துறை இராணுவமாகி வருகிறது என்ற குற்றச்சாட்டு எழுகிறது. இவ்விரு குரல்களும் பல்லாண்டுகளாக ஒன்றையொன்று செவிமடுக்காமலேயே ஒலித்து வருகின்றன. ‘நவீனமயம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களை நாம் அடைத்து வைத்திருப்பதே இதற்குக் காரணம் எனக் கருதுகிறேன். குண்டு துளைக்காத உடையும் நவீனமயம். தடயவியல் ஆய்வகமும் நவீனமயம். ட்ரோனிலிருந்து வீசப்படும் கண்ணீர்ப்புகைக் குண்டும் நவீனமயம். வரவு செலவுத் திட்டத்தில் இவை அருகருகே நிற்கலாம். ஆனால் குடிமகனுக்கும் அரசுக்கும் உள்ள உறவில் இவற்றின் இடம் ஒன்றன்று.

என் வாதம் சுருக்கமானது. காவலரின் உடலைக் காக்கும் கருவிகள் ஒவ்வொரு காவலருக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும் கருவிகளைச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி வாங்கவோ, கணக்கின்றிப் பயன்படுத்தவோ கூடாது. போர்க்களத்துக்கென உருவான ஆயுதங்கள், ஆயுதமேந்திய தாக்குதலை எதிர்கொள்ளும் சிறப்புப் படைகளோடு நிற்க வேண்டும்; குடிமக்கள் திரளின்முன் அவை வரலாகாது.

மும்பை கேட்ட கேள்வி

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றிலிருந்தே தொடங்குவோம். 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் நுழைந்த பத்துப் பேர் ஏகே-47 துப்பாக்கிகளுடனும் கையெறி குண்டுகளுடனும் வந்தனர். சத்திரபதி சிவாஜி முனையத்தில் அவர்களை எதிர்கொண்ட காவலர்கள் சிலரிடம் பழைய 303 ரக ரைஃபிள்களே இருந்தன. பலரிடம் லத்தி மட்டுமே இருந்தது. கிர்காவ் கடற்கரைச் சாலையில் அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு உயிரைக் கொடுத்த உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளேயின் கையிலும் லத்திதான் இருந்தது. ஹரியானாவின் மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை மும்பைக்கு வந்து சேரும்போது மறுநாள் காலையாகிவிட்டது. 166 பேர் உயிரிழந்தனர். உயரதிகாரிகள் அணிந்திருந்த பாதுகாப்பு உடைகளின் தரமே பின்னர் சர்ச்சைக்குள்ளாயிற்று.

இதைப் படித்த பிறகும் ‘காவலருக்கு லத்தி போதும்’ என்று எவரேனும் சொன்னால், அது பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பேசும் தாராளமனம். காவலரும் ஒரு தொழிலாளர். ஆபத்தான பணிக்கு அனுப்பப்படுபவர். அவருக்குத் தலைக்கவசமும் மார்புக் கவசமும் தருவது முதலாளியான அரசின் கடமை.

ஆயினும் மும்பைக்குப் பின் அரசு செய்ததையும் கவனிக்க வேண்டும். மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் அமைக்கப்பட்டன. மராட்டிய அரசு ‘ஃபோர்ஸ் ஒன்’ என்ற தனிப் படையை உருவாக்கியது. அதாவது, அன்றைய படிப்பினையின் நேரடி விளைவு, தனிப்பயிற்சி பெற்ற சிறு படைகளை விரைந்து சென்றடையும் தொலைவில் நிறுத்துவது என்பதாகவே இருந்தது. மும்பையைச் சான்று காட்டி, விவசாயிகள் பேரணியை எதிர்கொள்ளும் காவலருக்கும் இயந்திரத் துப்பாக்கி வேண்டும் என்று வாதிடுவோர், அந்நிகழ்வு சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றுகின்றனர்.

சட்டத்தில் ஒரு விந்தை

சட்டம் பயிலும் நண்பர்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பற்றிய விதிகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளாக இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 148 முதல் 151 வரையிலான பிரிவுகளாக, பெரிய மாற்றமின்றி இடம்பெற்றுள்ளன.

கூட்டத்தைக் கலைக்க இராணுவத்தை அழைக்க நேர்ந்தால், அழைக்கப்பட்ட படை அதிகாரி இயன்ற அளவு குறைந்த வலிமையையே பயன்படுத்த வேண்டும் என்றும், உடலுக்கும் உடைமைக்கும் இயன்ற அளவு குறைந்த சேதத்தையே விளைவிக்க வேண்டும் என்றும் சட்டம் வெளிப்படையாகக் கட்டளையிடுகிறது. 1898ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே தொடர்ந்து வரும் வாசகம் இது. ஆனால் காவல்துறை கூட்டத்தைக் கலைப்பது பற்றிய பிரிவில், அதாவது இன்றைய 148இல், இதற்கு இணையான வாசகம் இல்லை. கலைந்து செல்ல ஆணையிடலாம், கலையாவிடில் வலிமையால் கலைக்கலாம் என்பதோடு அப்பிரிவு நின்றுவிடுகிறது. குறைந்த வலிமை என்ற கொள்கையைக் காவல்துறை நிலையாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் வலியுறுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் சட்டத்தின் உடலில் அது எழுதப்படவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? சட்டத்தை வரைந்தோரின் கருத்தை உய்த்துணரத்தான் முடியும். படைவீரரின் கருவி கொல்வதற்கென்றே அமைந்தது. ஆகவே அவருக்குக் கடிவாளம் எழுத்தில் வேண்டும். காவலரின் கருவி லத்தி. அதன் எல்லையை அக்கருவியே வகுத்துவிடும். இந்த அனுமானத்தின்மீதுதான் அவ்விரு பிரிவுகளும் நிற்கின்றன என்று கொண்டால், காவலரின் கையில் படைவீரரின் கருவியைக் கொடுத்த கணத்திலேயே அந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. படைக்குரிய ஆயுதமும் கைக்கு வந்துவிடுகிறது. படைக்கு விதிக்கப்பட்ட கடிவாளமும் இல்லை. காவல்துறையை இராணுவமயமாக்குவது பற்றிய நம் விவாதங்களில் இந்த இடைவெளி போதிய கவனம் பெறவில்லை என்பது என் ஆதங்கம்.

கருவி கையிலிருப்பதே முடிவை மாற்றும் என்பதற்கு நம் வரலாற்றில் 1919ஐ விடக் கொடிய சான்று வேண்டியதில்லை. ஜாலியன்வாலா பாக்குக்கு டயர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வாகனங்களையும் கொண்டு சென்றார். சந்து குறுகலாக இருந்ததால் அவை உள்ளே நுழையவில்லை. நுழைய முடிந்திருந்தால் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்று அவரே பின்னர் ஹண்டர் குழுவின்முன் கூறினார். அங்கே குறைந்த வலிமை என்ற விதி தடுக்காததை ஒரு சந்தின் அகலம் தடுத்தது.

காக்கியின் பிறப்பு

‘நம் காவல்துறை இப்போதுதான் படையாக மாறுகிறது’ என்ற கூற்றையும் நான் ஏற்கவில்லை. 1829இல் இலண்டன் மாநகரக் காவலை அமைத்த ராபர்ட் பீல், சிவப்புச் சீருடை அணிந்த படைவீரரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காகவே காவலருக்கு நீல உடை தந்தார். நமக்குக் கிடைத்தது அந்த மரபன்று. 1857 எழுச்சிக்குப் பிறகு வந்த 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டம், குடிமக்களை அடக்கி வைப்பதற்கென அமைந்த ஐரிஷ் காவல்படையை முன்மாதிரியாகக் கொண்டது. நம் காவலர் அணியும் காக்கியே படையிலிருந்து வந்த நிறம். 1921இல் மாப்பிள்ளை எழுச்சியின்போது மலபார் சிறப்புக் காவல் படை உருவாயிற்று. 1939இல் சமஸ்தானங்களில் கிளர்ச்சியை ஒடுக்க உருவான காவல்படையே 1949இல் மத்திய ரிசர்வ் காவல் படை எனப் பெயர் மாறியது.

ஆகவே இன்றைய சிக்கலைப் புதிய நோயாகக் காண்பதைவிடப் பழைய உடற்கூற்றின் வளர்ச்சியாகக் காண்பதே பொருத்தம். அந்த உடற்கூற்றிலும் ஒரு பிரிவினை இருந்தது. காவல் நிலையத்தில் புகாரைப் பெறும் காவலர் வேறு. ஆயுதப்படைக் காவலர் வேறு. அண்மைக் காலத்தில் மங்கி வருவது இந்தப் பிரிவினைதான்.

குறைந்த ஆபத்து என்ற வாக்குறுதி

காஷ்மீரின் அனுபவம் இங்கே இன்றியமையாதது. 2010 கோடையில் அங்கு நடந்த போராட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். துப்பாக்கிக் குண்டுக்கு மாற்றாக, உயிர்ப்பலியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையுடன் பெல்லட் துப்பாக்கி புழக்கத்துக்கு வந்தது. நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான சிறு ஈயக் குண்டுகளை ஒரே தோட்டாவில் அடைத்து வெளித்தள்ளும் கருவியால் எவரையும் குறிபார்க்க இயலாது. குண்டுகள் விரிந்து பரவும். கல்லெறிந்தவரையும் சன்னலோரம் நின்றவரையும் அவை வேறுபடுத்தா.

2016 ஜூலையில் புர்ஹான் வானி கொல்லப்பட்ட பின் எழுந்த கிளர்ச்சியின்போது, 32 நாள்களில் ஏறத்தாழ 13 இலட்சம் பெல்லட் குண்டுகளைப் பயன்படுத்தியதாக மத்திய ரிசர்வ் காவல் படை உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. கண்ணில் காயமுற்றோர் நூற்றுக்கணக்கில் ஸ்ரீநகர் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களுள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர்.

ரைஃபிளின் விசையை இழுக்குமுன் ஒரு காவலர் தயங்குவார். அதன் விளைவு அவருக்குத் தெரியும். ‘இது கொல்லாது’ என்று சொல்லித் தரப்பட்ட கருவியிடம் அந்தத் தயக்கம் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஏற்படும் தீங்கு குறைகிறது, பயன்படுத்தும் முறைகளோ பன்மடங்காகப் பெருகுகின்றன. கூட்டித் தொகைபோட்டால் எது மிஞ்சுகிறது என்பதை அளந்து பார்த்த பிறகே அக்கருவியை அனுமதித்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அவையின் அடிப்படைக் கோட்பாடுகள் இதையே சொல்கின்றன: உயிர்பறிக்காக் கருவிகளை உருவாக்குவதும் பரப்புவதும் கவனமான மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். அதே கோட்பாடுகள் கேடயம், தலைக்கவசம், குண்டு துளைக்காத உடை ஆகியவற்றைக் காவலர்களுக்கு வழங்க வேண்டும் என்றும் அரசுகளை வலியுறுத்துகின்றன. அவற்றைத் தந்தால் ஆயுதம் பயன்படுத்தும் தேவையே குறையும் என்பதே அதன் தர்க்கம். நான் முன்வைக்கும் பிரிவினை அங்கிருந்து பெறப்பட்டதே.

வானிலிருந்து வரும் ஆணை

2024 பிப்ரவரி 13 அன்று பஞ்சாப், ஹரியானா எல்லையிலுள்ள ஷம்புவில், டெல்லி நோக்கிப் புறப்பட்ட விவசாயிகள்மீது ஹரியானா காவல்துறை ட்ரோன்கள் வாயிலாகக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. விவசாயிகள் பட்டம் விட்டு அந்த ட்ரோன்களைச் சிக்கவைக்க முயன்றனர். தங்கள் எல்லைக்குள் ட்ரோன் வந்ததைப் பஞ்சாப் நிர்வாகம் ஆட்சேபித்தது.

பட்டம் விட்ட காட்சி ஊடகங்களுக்குச் சுவையாக இருந்தது. எனக்கோ ஆட்சேபமே முக்கியமானது. காவலும் பொது ஒழுங்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஒரு மாநிலக் காவலரின் லத்தி எல்லைக் கோட்டோடு நின்றுவிடும். பறக்கும் கருவிக்கு அந்தக் கோடு தெரியாது. அடுத்த மாநிலத்தின் மண்ணில் நிற்கும் குடிமகன்மீது குண்டு விழுந்தால் அவன் யாரிடம் முறையிடுவான்? கலைந்து செல்லும்படி ஆணையிட வேண்டும், அதன்பிறகே வலிமை என்று சட்டம் சொல்கிறது. திரையைப் பார்த்து இயக்குபவர் அந்த ஆணையை எப்படித் தருவார்? கூட்டத்தின் நடுவில் முதியவர் ஒருவர் இடறி விழுந்ததை எப்படி அறிவார்? எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைப் பிரிவு இத்தகைய கருவியை 2022இல் உருவாக்கியபோதே எழுப்பியிருக்க வேண்டிய கேள்விகள் இவை. இரண்டாண்டுக்குள் கருவி களத்துக்கு வந்துவிட்டது. அதற்கான விதிகளைப் பொதுவெளியில் எவரும் விவாதிக்கவில்லை.

ஆயுதத்தின் ஆயுள்

மணிப்பூர் மற்றொரு பாடம். 2023 மே மாதம் தொடங்கிய வன்முறையில் காவல்துறையின் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளும் இலட்சக்கணக்கான தோட்டாக்களும் மக்களிடையே பரவின. 2025 தொடக்கத்தில் ஆளுநர் கெடு விதித்துத் திருப்பித் தருமாறு கோரியபோது ஒரு பகுதிதான் திரும்பி வந்தது.

காவல் நிலையத்துக்கும் மாவட்டக் கிடங்குக்கும் ஆயுதம் வாங்கும் அரசு, அது என்றும் தன் கையிலேயே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. அரசின் பிடி தளரும் ஒரு நாளில் அவ்வாயுதம் சமூகத்தின் உள்மோதலுக்கு உரமாகிவிடும். எத்தனை ஆயுதங்களை எங்கே சேமிப்பது என்பது கொள்முதல் அதிகாரி மட்டும் முடிவுசெய்யும் செய்தியன்று.

ஒரு நியாயமான மறுப்பு

‘கருவியைக் குறை சொல்லாதீர்கள், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்டது எந்தப் போர்க்கருவியால்?’ என்று சிலர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. அங்கே பயன்பட்டது லத்தி. காவல்துறையின் வன்முறைக்கு நவீன ஆயுதம் தேவைப்படவில்லை. தண்டனை வராது என்ற உறுதி போதுமானதாக இருந்தது.

இந்த மறுப்பு என் வாதத்தை மேலும் இறுக்குகிறது. பொறுப்புக்கூறல் இல்லாத நிறுவனத்தின் கையில் லத்தியே இவ்வளவு செய்யுமெனில், அதே நிறுவனத்துக்கு நெடுந்தொலைவு பாயும் துப்பாக்கியைத் தருவது எத்தகைய துணிவு? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் வாகனத்தின்மேல் நின்று காவலர் ஒருவர் குறிபார்த்த காட்சியை நாடே கண்டது. அத்துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அச்சூடு விதிமுறைகளை மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அளித்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட 2022 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயுதம் நொடிகளில் செய்ததைக் கணக்குக் கேட்க நம் நிறுவனங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த வேக வேறுபாடு நீடிக்கும்வரை ஆயுதத்தின் வேகத்தை மட்டும் கூட்டுவது அறமாகாது.

வலிமை கூடினால் குற்றம் குறையும் என்ற வாதத்துக்கும் சான்று உறுதியாக இல்லை. இராணுவத்தின் உபரிக் கருவிகளைக் காவல்துறைக்கு வழங்கும் திட்டம் அமெரிக்காவில் 1990களிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதனால் குற்றம் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வுகள் கூறின. அவற்றின் தரவுகளில் குறைபாடு இருந்ததை 2021இல் வந்த மறுஆய்வு சுட்டிக்காட்டியது. இராணுவப் பாணிக் குழுக்களைப் பயன்படுத்துவதால் வன்குற்றமும் குறையவில்லை, காவலரின் பாதுகாப்பும் கூடவில்லை, காவல்துறையின்மீதான நன்மதிப்பே குறையக்கூடும் என்பது ஜோனதன் மம்மலோ 2018இல் கண்ட முடிவு. அமெரிக்கச் சூழல் வேறு, நம் சூழல் வேறு. ஆனால் அங்கே அளந்து பார்க்கத் தரவாவது வெளியிடப்பட்டது. நம்மிடம் அதுவும் இல்லை.

பணம் எங்கே செல்கிறது

2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்குக் காவல் நவீனமயமாக்கல் திட்டத்துக்கென மத்திய அரசு ஒதுக்கிய தொகை 26,275 கோடி ரூபாய். இதில் ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்கள், நக்சல் தாக்கமுள்ள பகுதிகள் ஆகியவற்றின் பாதுகாப்புச் செலவினங்களுக்கு 18,839 கோடி. மாநிலக் காவல்துறைகளின் நவீனமயத்துக்கு 4,846 கோடி. தடயவியலுக்கு ஏறத்தாழ 2,080 கோடி. மறுபுறம், 2020 தொடக்கத்தில் மாநிலக் காவல்துறைகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருந்தன.

எல்லைப்புற மாநிலங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆயினும் தடயம் சேகரிக்கத் தெரிந்த காவலர், எட்டு மணிநேரப் பணிக்குப் பின் வீட்டுக்குச் செல்ல முடிகிற காவலர், கூட்டத்தின் தலைவர்களோடு பேசிப் பழகிய காவலர் ஆகியோரே ஒரு சமூகத்தின் முதல் கவசம். பதினாறு மணிநேரம் வெயிலில் நின்று களைத்தவரின் கையில் எந்தக் கருவியும் ஆபத்தானது.

செய்யக்கூடியவை

1. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவைத் திருத்தி, 149இல் படைக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்த வலிமைக் கடமையைக் காவல்துறைக்கும் எழுத்தில் விதிக்க வேண்டும். ஒரே வாக்கியம் போதும்.

2. பாதுகாப்புக் கருவிகளைக் கடைநிலைக் காவலர் முதல் எல்லோருக்கும், பெண் காவலரின் உடலளவுக்குப் பொருந்தும் வகையிலும், தடையின்றி வழங்க வேண்டும்.

3. கூட்டத்தைக் கலைக்கும் எந்தப் புதிய கருவியையும், மருத்துவர்கள் உள்ளிட்ட தற்சார்புடைய குழு மதிப்பிட்டு, அம்மதிப்பீடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பின்னரே வாங்க வேண்டும். ஒவ்வொரு பயன்பாட்டின் எண்ணிக்கையும் விளைவும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

4. போர்க்கள ஆயுதங்கள் சிறப்புப் படைகளின் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். அவற்றை வெளியே எடுக்க எழுத்துமூல ஆணை வேண்டும். அவ்வாணையில் கையொப்பமிட்டவர் பின்னர் பதில் சொல்ல வேண்டும்.

5. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் ஆணையிட்ட காவல் புகார் ஆணையங்கள், காவல்துறையின் பிடிக்கு வெளியே உண்மையாகச் செயல்பட வேண்டும். இது நடக்காமல் மற்ற நான்கும் ஏட்டளவிலேயே நிற்கும்.

இவற்றுள் எதுவும் காவலரை வலுவற்றவராக்காது. மும்பை இரவு மீண்டும் வந்தால் சிறப்புப் படை ஆயுதத்தோடு புறப்படும். தெருவில் நிற்கும் காவலர் கவசத்தோடு நிற்பார். ஷம்பு மீண்டும் வந்தால் கூட்டத்தின்முன் ஒரு மனிதர் நின்று பேசுவார்.

இறுதியாக ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் மானியக் கோரிக்கையின்போது காவல்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பத்தாண்டுக் குறிப்புகளை எடுத்து, வாங்கப்பட்டவற்றுள் எவை கவசம், எவை கூட்டத்தைக் கலைப்பன, எவை போர்க்கருவி என்று மூன்று பத்திகளில் வகைப்படுத்திப் பாருங்கள். குறிப்பில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்; மறுத்தால் மறுப்பையும் பதிவு செய்யுங்கள். ஒரு முதுகலை மாணவரால் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை இது. அந்த அட்டவணை கையில் இருந்தால், அடுத்த கொள்முதல் அறிவிப்பு வரும்போது நம்மிடம் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.